அறுநூறு பேர் வாழும் சமவெளி ஊரில் பொழுது எப்படிப் போகும்?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்பகுதியில், மக்கள்தொகை அறுநூறைத் தாண்டாத ஓர் ஊரில் உங்கள் மனைவிக்குச் செவிலியர் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படங்களில் வயலும் வானமும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை என்றும், அத்தகைய இடத்தில் அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி தரக்கூடியது ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் தானியக் கொள்முதல் நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் ஆண்டு எனக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை. பொழுதுபோக்கு என்றால் எங்கோ ஓரிடத்தில் தயாராக இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற நகரத்துப் பழக்கத்தோடு நான் போயிருந்தேன். அங்கே எந்த மகிழ்ச்சியும் யாரோ நான்கு பேர் சேர்ந்து உழைத்து உண்டாக்குவது. ஆள் குறைவு என்பதால் அந்த நான்கு பேரில் ஒருவராக உங்களையும் வெகு சீக்கிரம் சேர்த்துக்கொள்வார்கள். இது எனக்குப் புரிய ஒரு குளிர்காலம் முழுதும் தேவைப்பட்டது.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சஸ்காச்சுவானின் பரப்பு 6,51,036 சதுர கிலோமீட்டர்; 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 11,32,505. இதிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் சாஸ்கட்டூன், ரெஜைனா ஆகிய இரு நகரங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்கிறார்கள். மீதிப்பேர் அவ்வளவு பெரிய பரப்பில் சிதறிக் கிடக்கிறார்கள். கனடிய அரசு 1872இல் கொண்டுவந்த நிலச் சட்டத்தின்படி, பத்து டாலர் கட்டணம் செலுத்திய குடியேறிக்கு 160 ஏக்கர் தரப்பட்டது; அங்கேயே குடியிருந்து நிலத்தைத் திருத்தினால் அது அவருக்குச் சொந்தமாகும். அதற்காக மைலுக்கு மைல் சதுரமாக அளந்து நிலம் பிரிக்கப்பட்டது. அந்தச் சதுரத்தில் கால்பங்குதான் 160 ஏக்கர். விவசாயிகள் இன்றும் தம் நிலத்தை ஏக்கரில் சொல்லாமல் 'பன்னிரண்டு குவார்ட்டர்' என்றுதான் சொல்வார்கள். சதுரங்களின் ஓரமாகவே சரளைக்கல் சாலைகள் ஓடுகின்றன. நாடு கிலோமீட்டருக்கு மாறி அரை நூற்றாண்டு ஆகியும், "மூன்று மைல் வடக்கே போய் ஒன்றரை மைல் கிழக்கே திரும்புங்கள்" என்றுதான் வழி சொல்வார்கள். நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும் வடக்குத் தெற்குச் சாலை திடீரென ஓரிடத்தில் சற்று ஒடிந்து, மறுபடி நேராகப் போகும். பூமி உருண்டையாக இருப்பதால் வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட அளவையாளர்கள் போட்ட திருத்தக் கோடு அது. தட்டையான நிலத்தில் பூமியின் உருண்டையைச் சக்கரத்தின் கீழே உணரும் அந்த இடத்தை நான் கடைசிவரை ரசித்தேன்.

அச்சாலைகளில் எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலேயே ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கு அதில் இல்லை. முதல் மாதம் நான் இதைக் கவனிக்கவே இல்லை. பிறகு கவனித்தபோது, ஒரு மாதமாக ஊரில் பாதிப்பேரின் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன் என்று தெரிந்து கூசிப்போனேன்.

வானத்தைப் பற்றி நீங்கள் சற்று ஏளனமாகக் கேட்டிருப்பதால் அதற்கும் விடை சொல்லியாக வேண்டும். நாய் வீட்டைவிட்டு ஓடினால் மூன்று நாள் வரை அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவர்களே தங்கள் நிலத்தைக் கேலி செய்வார்கள். மறைக்க மலையோ கட்டடமோ இல்லாததால் வானிலை வருவதற்கு முன்பே அதைக் காணலாம்: கோடையில் மேற்கே இடிமேகம் திரண்டு, மின்னல் கால் ஊன்றி, மழை ஒரு சாம்பல் திரையாக இறங்கி, உங்கள் வாசலுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம், அதுவரை நீங்கள் நாற்காலி போட்டு அமர்ந்து பார்க்கலாம். ஜூன் பிற்பகுதியில் சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே மறையும். பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்புவது போல, எல்லையோரச் சில இடங்கள் நீங்கலாக, இங்கே செய்வதில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தொல்லையிலிருந்து மாகாணத்தை விடுவித்துவிட்டது. இரவில் விளக்கு மாசு இல்லை. வால் மாரி என்ற சிற்றூரை ஒட்டிய கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா 2009இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பால்வெளியைக் காண அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஊரின் கடைசித் தெருவிளக்கைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் போதும். வடதுருவ ஒளி பச்சைத் துணியாக அசையும் இரவுகளில், உறங்கப்போனவர்களையும் யாராவது தொலைபேசியில் அழைத்து எழுப்பிவிடுவார்கள்.

நிலம் முழுதும் தட்டை என்பதும் பாதி உண்மைதான். கப்பெல் பள்ளத்தாக்கை முதன்முதலில் கண்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோதுமை வயலுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த சாலை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பூமிக்குள் இறங்கியது. கீழே ஏரிகள், மரங்கள், படகுகள். பனியுகத்தின் முடிவில் உருகிய பனிப்பாறை நீர் குடைந்த பள்ளம் அது. கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கேதான் இருக்கும்.

வசந்தம் ஏப்ரலில், பனி முழுதும் கரையும் முன்பே மயிர் போர்த்த ஊதா நிறக் காட்டுப்பூவோடு தொடங்கும். அதையடுத்து மெடோலார்க் பறவை வேலிக்கம்பங்களில் வந்தமர்ந்து பாடும். மஞ்சள் மார்பில் கழுத்தணி போலக் கருப்புப் பட்டை கொண்ட சிறிய பறவை அது. அதன் குரலை அந்த ஆண்டில் முதலில் கேட்டவர் யார் என்பதே காபிக் கடையில் ஒரு நாள் பேச்சாகும். வயல்களுக்கு நடுவே பனியுருகிய நீர் தேங்கி நிற்கும் குட்டைகளை 'ஸ்லூ' என்பார்கள். வாத்துகள் அவற்றில்தான் குஞ்சு பொரிக்கும். ஜூலையில் சாஸ்கட்டூன் பெர்ரி பழுக்கும். கிரீ பழங்குடி மொழியில் அப்பழத்துக்கு உரிய பெயரிலிருந்தே அந்நகரத்தின் பெயர் வந்தது. இடுப்புக் கச்சையில் வாளியைக் கட்டிக்கொண்டு இரண்டு கைகளாலும் பறிப்பார்கள். எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும் அவ்வூர் மக்கள் வாய் திறக்காத ஒரே விஷயம், நல்ல பெர்ரிப் புதர் எங்கே இருக்கிறது என்பது. எனக்கு ஒரு மூதாட்டி ஆறாம் ஆண்டில் தம் இடத்தைக் காட்டினார். அவருக்கு முழங்கால் நோவு வந்துவிட்டதால்தான் என்று அவர் மகள் பிறகு சொன்னாள்.

அன்றாடம் என்று நீங்கள் கேட்டதற்கு நேரான விடை 'காபி ரோ'. காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும், உணவு விடுதியிலோ கூட்டுறவுக் கடையின் மூலையிலோ, அதே மேசையில் அதே ஆட்கள் கூடுவார்கள். எங்கள் ஊரில் பகடை உருட்டி அன்றைய காபிக்குக் காசு கொடுப்பவரைத் தீர்மானிப்பார்கள். பேச்சு மழையில்தான் தொடங்கும். ஒவ்வொரு பண்ணையிலும் வேலியில் ஒரு மழைமானி உண்டு, "உங்களுக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒருவர் அரை அங்குலம் என்பார், நான்கு மைல் தள்ளி இருப்பவர் தமக்கு ஒரு துளிகூட இல்லை என்பார். மழை அங்கே அவ்வளவு திட்டுத் திட்டாகப் பெய்யும். அடுத்தவருக்குப் பெய்த மழையை வாழ்த்தத் தெரிந்தவரை அந்த மேசை மதிக்கும். பிறகு உரத்தின் விலை, யாருடைய பேரன் எந்தக் குழுவில் ஹாக்கி ஆடுகிறான், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கனடிய வகைக் கால்பந்தில் ரஃப்ரைடர்ஸ் அணி ஞாயிற்றுக்கிழமை ஏன் தோற்றது. அந்த அணி ரெஜைனாவில் இருந்தாலும் உரிமை பொதுமக்களுடையது. ஆகவே அதைத் திட்டும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. புதிதாக வந்தவர் அந்த மேசையில் அழைக்கப்படாமலே உட்காரலாம் என்பது எனக்கு இரண்டு ஆண்டுகள் தெரியவில்லை. நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. என் வேலையை வைத்துச் சொல்கிறேன்: செங்கோதுமையை உலர்ந்ததாக ஏற்றுக்கொள்ள ஈரப்பதம் 14.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கனோலா என்ற எண்ணெய் வித்துக்கு 10 விழுக்காடு. எனவே விவசாயி காபிக் குவளை ஒன்றில் மாதிரியை எடுத்துக்கொண்டு, கம்பைன் இயந்திரத்தை வயலிலேயே நிறுத்திவிட்டு எங்களிடம் ஓடிவருவார். அளவுமானி 14.3 என்று காட்டும்போது அவர் முகத்தில் தெரியும் ஒளியைக் காண்பது என் வேலையின் சம்பளத்தில் ஒரு பகுதி என்றே நினைத்தேன். பனி இறங்கித் தாள் நமத்துப்போகும் வரை, சில நாட்களில் நள்ளிரவையும் தாண்டி, வயல்களில் விளக்குகள் நகர்ந்துகொண்டிருக்கும். இரவு உணவு வயலுக்கே வரும். பிக்கப் வண்டியின் பின்பலகையைத் திறந்து அதையே மேசையாக்கி, சூடான இறைச்சியும் உருளைக்கிழங்கும் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். தூசும் வைக்கோல் மணமும் கலந்த அந்தச் சாப்பாட்டுக்கு நிகராக நான் நகரத்து விடுதிகளில் எதையும் உண்டதில்லை. விவசாயி ஒருவர் நோயில் விழுந்தால் அண்டையவர்கள் தம் இயந்திரங்களோடு வந்து அவருடைய வயலை ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவதும் வழக்கம். நான் இருந்த காலத்தில் இருமுறை அது நடந்தது. இருமுறையும் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

இங்கே நமக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியா இறக்குமதி செய்யும் மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. கனடாவின் பருப்பில் மிகப் பெரும்பங்கு சஸ்காச்சுவானில் விளைவது. 1970களுக்கு முன் அங்கே அதைப் பயிரிட்டவர்கள் மிகக் குறைவு. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் பயிர் மேம்பாட்டு மையத்தில் ஆல் ஸ்லின்கார்ட் உருவாக்கிய 'லேர்ட்' என்ற ரகம் 1978இல் வெளியான பிறகுதான் அது ஒரு பயிராக வேரூன்றியது. முப்பது ஆண்டுகளாகப் பருப்பு விளைவித்த ஒருவர், அதை வேகவைத்து உண்டதே இல்லை என்று என்னிடம் சொன்னார். சீரகமும் பூண்டும் தாளித்து ஒரு பாத்திரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் பாத்திரம் கழுவி, உள்ளே அரை டஜன் முட்டையோடு திரும்பி வந்தது. அவ்வூரில் எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்புவதில்லை. நம் பாட்டிமார் கடைப்பிடித்த அதே மரியாதைதான்.

அறுவடை முடிந்ததும் 'ஃபவுல் சப்பர்' நடக்கும். ஊர்ச் சமூகக் கூடத்தில் அல்லது தேவாலயத்தின் நிலவறையில், நீண்ட மேசைகளில், வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, இறைச்சிச் சாறு, முட்டைக்கோஸ் இலையில் அரிசி பொதிந்த சுருள், பெரோகி ஆகியவை பரிமாறப்படும். பெரோகி என்பது உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து வேகவைத்து, வெங்காயமும் வெண்ணெயும் சேர்த்து உண்ணும் கொழுக்கட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குடியேறிய உக்ரைன் மக்கள் கொண்டுவந்தது. நார்வே வழியினரும் பிரெஞ்சு வழியினரும் இன்று அதைத் தங்கள் உணவாகவே எண்ணுகிறார்கள். யார் என்ன சமைக்க வேண்டும் என்று ஓர் அம்மையார் தொலைபேசியில் பங்கிட்டுக் கொடுப்பார். "முடியுமா" என்று அவர் கேட்க மாட்டார். "உங்களுக்கு இரண்டு பை" என்பார். பை என்றால் பழம் வைத்துச் சுட்ட அப்பம். எனக்குச் செய்யத் தெரியாது என்றதும், பாத்திரம் கழுவும் அணியில் சேர்த்துவிட்டார். ஒன்பது ஆண்டுகளில் ஊராரைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதியை அந்தக் கழுவு தொட்டியருகேதான் அறிந்தேன். பக்கத்து ஊர்களின் விருந்துகள் வெவ்வேறு வார இறுதிகளில் வருமாறு தேதி குறிப்பார்கள். ஆகவே அக்டோபர் முழுதும் விருந்துண்பது சாத்தியம். என் எடை அதற்குச் சாட்சி.

இனி நீங்கள் அஞ்சும் குளிர்காலம். அச்சம் நியாயமானதுதான். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம். வெப்பநிலை கழித்தல் 30 பாகை என்பது செய்தியாகாத நாட்கள் பல. வண்டிகளின் முகப்பிலிருந்து மின்கம்பியும் பிளக்கும் தொங்குவதைக் கண்டு வியக்காதீர்கள். இரவில் எஞ்சினைச் சூடாக வைக்க அதை மின்சாரத்தில் செருக வேண்டும். ஆனால் அந்தக் கடுங்குளிர் பெரும்பாலும் தெளிந்த வானத்தோடு வரும். காற்றில் மிதக்கும் பனிப் படிகங்களில் ஒளி வளைந்து, சூரியனுக்கு இருபுறமும் இரண்டு போலிச் சூரியன்கள் நிற்கும் காலைகள் உண்டு. உறைபனி ஒவ்வொரு புல்லிலும் வேலிக் கம்பியிலும் வெள்ளைச் செதில்களாகப் பூத்திருக்கும் காலைகள் உண்டு. வேலைக்குக் கிளம்ப எழுந்து பார்த்தால், உங்கள் வாசல் பனியை யாரோ முன்பே வாரித் தள்ளியிருப்பார்கள். யார் என்று கண்டுபிடிப்பது எளிதன்று. கேட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குளிர்காலத்தின் நடுநாயகம் கர்லிங். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தில், 20 கிலோ வரை எடையுள்ள கருங்கல்லைத் தள்ளி, மறுமுனையில் வரைந்த வட்டத்தின் மையத்துக்கு அருகில் நிறுத்த வேண்டும். அணிக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு கல். தளத்தின் மீது முன்கூட்டியே நீர்த்துளிகளைத் தூவி உறையவிடுவதால் அது வழவழப்பாக இராமல் மணல்மணலாக இருக்கும். விடுகையில் கைப்பிடியை லேசாகத் திருப்பினால் கல் வளைந்து போகும். சக ஆட்டக்காரர் இருவர் அதன் முன்னே துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டு ஓடினால், கல் இன்னும் சற்றுத் தொலைவு போகும், வளைவும் குறையும். பார்க்கும்போது நகைப்பாகத் தோன்றும். ஆடினால் விட முடியாது. பதினான்கு வயதுச் சிறுமியும் எழுபது வயது முதியவரும் ஒரே அணியில் ஆடக்கூடிய விளையாட்டுகள் எத்தனை உள்ளன? ஆட்டம் முடிந்ததும் வென்ற அணி தோற்ற அணிக்குப் பானம் வாங்கிக் கொடுத்து, இரு அணியும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பது மரபு. ஆகையால் தோற்பதிலும் ஓர் ஆதாயம் உண்டு. சிற்றூர்களின் இந்தச் சிறிய தளங்களிலிருந்து உலகப் புகழும் எழுந்திருக்கிறது. நாகனோவில் 1998இல் நடந்த ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பெண்கள் அணியின் தலைவி சாண்ட்ரா ஷ்மிர்லர், சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் பிகர் என்ற ஊரில் பிறந்தவர். ஆங்கிலத்தில் 'இன்னும் பெரியது' என்ற பொருளும் ஒலிக்கும் அப்பெயரை வைத்து, "நியூயார்க் பெரியது, ஆனால் இது பிகர்" என்று ஊர் எல்லையில் பலகை வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பனித்தளமும் ஹாக்கி அரங்கும் தாமாக இயங்குவதில்லை. பல ஊர்களில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைப்பதும், சிற்றுண்டிச் சாளரத்தில் பர்கர் சுடுவதும், மின் கட்டணத்துக்காக இறைச்சியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்துவதும் ஊராரின் வேலை. இது அவர்களுக்கு ஆழ்ந்த பழக்கம். விவசாயிகள் தம் கோதுமையைத் தாமே விற்க 1924இல் கூட்டுறவு அமைத்த மாகாணம் இது. கனடா முழுமைக்கும் முன்னோடியாக, 1962 ஜூலை 1 அன்று பொது மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியதும் இதுவே. கூட்டுறவுக் கடையில் உறுப்பினராகுங்கள். வாங்கியதற்கு ஏற்ப ஆண்டு இறுதியில் பங்குத் தொகை ஒதுக்குவார்கள்.

குறைகளை மறைத்தால் என் பதில் விளம்பரமாகிவிடும். ஊரின் பெயரைச் சுவரில் தாங்கி வானில் நின்ற 'எலிவேட்டர்' எனும் உயரமான மரத் தானியக் கிடங்குகள் 1933இல் கனடியச் சமவெளியில் 5,758 இருந்தன. இன்று சில நூறுதான் எஞ்சியுள்ளன. குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவுக்கு ஒன்றாக அமைந்தவை அவை. லாரி பெரிதாகவும் கிளை ரயில் பாதைகள் மூடப்படவும், எலிவேட்டரும் அதைச் சுற்றி எழுந்த ஊர்களும் தேய்ந்தன. நான் வேலை செய்ததே அவற்றின் இடத்தைப் பிடித்த பெரிய கான்கிரீட் நிலையம் ஒன்றில்தான் என்பதால், அந்தத் தேய்வில் எனக்கும் சிறு பங்கு உண்டு. பள்ளிகள் இணைக்கப்படுகின்றன, பிள்ளைகள் நெடுந்தூரம் பேருந்தில் போகிறார்கள். செவிலியர் பற்றாக்குறையால் சிற்றூர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு சில நாட்கள் மூடப்படுவதும் உண்டு. அங்கே உங்கள் மனைவிக்குக் காத்திருக்கும் மரியாதையும் வேலைப்பளுவும் இதிலிருந்து புரியும். வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் நகரத்துக்கு வண்டி ஓட்ட வேண்டும். நீங்கள் என்ன வாங்கினீர்கள், யார் வீட்டு வாசலில் உங்கள் வண்டி நின்றது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்திருக்கும். தனிமை விரும்பிகளுக்கு வெளி ஏராளம், ஆனால் மறைவு கிடையாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வந்தவர்கள் இரண்டாம் குளிர்காலத்துக்குள் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன்.

நீங்கள் போவதாக முடிவெடுத்தால், அக்டோபருக்கு முன் போய்ச் சேருங்கள். குளிர் தொடங்கிய பிறகு வருபவருக்கு ஊரின் முகம் தெரிய மே மாதம் ஆகிவிடும். வண்டியின் பிளக்கைச் செருக ஒரு நீண்ட மின்கம்பி வாங்குங்கள். வண்டிக்குள் கம்பளியும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருக்கட்டும். பிறகு நவம்பரில் ஒரு மாலை, முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வியாழக்கிழமை அணியில் முதல் இரண்டு கற்களை விட ஆள் இல்லை, நீங்கள் வரலாமா என்று கேட்பார். ஆடத் தெரியாது என்பீர்கள். அது தெரிந்துதான் அவர் அழைத்திருப்பார். சுத்தமான அடிப்பாகம் உள்ள காலணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போய்விடுங்கள். துடைப்பம் அங்கேயே தருவார்கள்.